பாத்ரூமுக்கு வந்த ஆடிட்டர்கள்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷம் ஆகிறது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு ஈரம் என்றாலே சந்தோஷம்தான். ஆனால் இங்கே ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை துவைத்துப் போட்ட பனியன் காயாது. இடுப்பு பெல்ட்டில் பூஞ்சை பூக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஆகஸ்டில் ஒரு காலை. பல் தேய்க்கப் போனால் வாஷ்பேசினில் மிளகுப்பொடி தூவின மாதிரி ஏதோ கிடந்தது. விரலை வைத்தேன். அத்தனையும் குதித்தது! தங்கமணி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, தெள்ளுப்பூச்சி!" என்று ஒரே அலறல்.

நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே. பூச்சி ஸ்பிரே வாங்கி வந்து அடித்தேன். மறுநாள் புது பேட்ச் ஆஜர். திரும்ப அடித்தேன். பத்து நாளில் ரெண்டு டின் காலி. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா மட்டும், "ஏய்யா, இந்தச் செவுத்துல ஈரவாடை அடிக்கு. என்னன்னு பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "கல்கத்தான்னா அப்படித்தாம்மா" என்று வாயை அடைத்துவிட்டேன்.

அந்தப் பத்து நாளும் மகளுக்கு ராத்திரியில் இளைப்பு. ஒன்பதாவது படிக்கிறாள். எப்போதாவது இன்ஹேலர் எடுப்பவள் தினமும் எடுக்க ஆரம்பித்தாள். டாக்டர் ரெண்டே கேள்வி கேட்டார். வீட்டில் ஸ்பிரே அடிக்கிறீர்களா? சுவரில் ஈரம் இருக்கிறதா? முதல் கேள்விக்குத் திருதிருவென்று விழித்தேன். ரெண்டாவதுக்கு வழியில் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

அன்றைக்கு ராத்திரிதான் இந்த ஜந்து யார் என்று தேடிப் படித்தேன். பெயர் ஸ்பிரிங்டெயில். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆறு கால் உண்டு, இறக்கை கிடையாது. வயிற்றுக்கு அடியில் மடக்கி வைத்த முள்கரண்டி மாதிரி ஒரு வால். அதை விடுவித்துத் தரையில் அடித்தால் ஆள் எகிறிவிடும். கடிக்காது, நோய் பரப்பாது. தின்பது பெரும்பாலும் பூஞ்சையும் மக்கிய இலை தழையும்தான். உடம்பில் ஈரம் வற்றினால் செத்துப்போகும். ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடி வருஷம் பழைய கல்லில் இதன் மூதாதை இருக்கிறது. 1926-ல் அதற்குப் பெயர் வைத்த இருவரில் ஒருவர் மௌலிக் என்ற நம் நாட்டுக்காரர். 40 கோடி வருஷம் தாக்குப்பிடித்ததை நான் ரெண்டு டின்னில் முடிக்கப் பார்த்திருக்கிறேன்!

படித்து முடித்ததும்தான் உறைத்தது. பூஞ்சை இல்லாமல் இது பெரும்பாலும் வராது. அப்படியானால் பூஞ்சை எங்கே? பாத்ரூம் சுவருக்கு மறுபக்கம் மகளின் அறை. விடிந்ததும் அவள் புத்தக அலமாரியை நகர்த்தினேன். சுவரில் ஆளுயரத்துக்குக் கறுப்பு. அவள் தலைமாட்டிலிருந்து ரெண்டடி.

வீட்டுக்காரர், மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்றார். வாடகையில் கழிப்பேன் என்றதும் மிஸ்திரி வந்துவிட்டார். நாலு டைல்ஸை உடைத்தால், உள்ளே குழாய் இணைப்பில் சொட்டுச் சொட்டாய்க் கசிவு. அதைச் சரி செய்து, பூத்த சாந்தைச் சுரண்டி, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு உலர விட்டோம். அதுவரை மகள் ஹாலில் பாட்டி பக்கத்தில் படுத்தாள். ஜன்னலோரத் தொட்டிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவதையும், அடித்தட்டில் தேங்க விடுவதையும் நிறுத்தினோம். ரெண்டு வாரத்தில் ஒரு பூச்சி இல்லை. மருந்து ஒரு சொட்டு அடிக்கவில்லை. இன்ஹேலரும் பழையபடி எப்போதாவதுதான்.

வங்கியில் இருபது வருஷமாக நான் பார்க்கிற வேலையே இதுதான். எந்தக் கடனும் ஒரே நாளில் வாராக்கடன் ஆகாது. தவணை 90 நாள் தாண்டுவதற்கு முன்பே செக் திரும்பும், ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தாமதமாகும். அதைக் கவனிக்காமல் விட்ட ஜூனியர்களை எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். என் வீட்டில் அந்த எச்சரிக்கை தினமும் காலையில் வந்து குதித்தது. நான் அதன்மேல் மருந்தடித்தேன்.

உங்கள் வீட்டுக்கும் இவர்கள் வந்தால் ஸ்பிரேயைத் தேடாதீர்கள். ஈரத்தைத் தேடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வாடை எங்கே அடிக்கிறது என்று கேளுங்கள்.

அம்மா ஊருக்குத் திரும்பும்போது ஸ்டேஷனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அடுத்த மழைக்கும் அந்தச் செவுத்தத் தொட்டுப் பாருய்யா."