ரெஜைனாவில் ஃபர்னஸ் இல்லாத ஒரு வீடு

குளிர்நாட்டில் மின்சிக்கனமான வீடு என்றதும் பலரும் முதலில் கூரையில் சோலார் வைப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கோ கனடாவின் ரெஜைனா நகரில் 1977-இல் கட்டிய சஸ்காட்செவன் கன்சர்வேஷன் ஹவுஸ்தான் நினைவுக்கு வரும். குளிர்காலத்தில் மைனஸ் 30-க்கும் கீழே இறங்கும் ஊர் அது. அங்கே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸே இல்லாமல் ஒரு வீடு!

ஹெரால்ட் ஓர் என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் செய்தது மாயமல்ல, பொறுமையான வேலை. ஏறத்தாழ 30 செ.மீ. கனத்தில் இரட்டைச் சட்டச் சுவர், அதனுள் முழுக்க வெப்பக்காப்பு. கூரையில் இன்னும் கனமாக. பாலித்தீன் விரிப்பை இடுக்கு விடாமல் ஒட்டினார்கள். சுவரும் கூரையும் சேரும் மூலை, வயர் நுழையும் துளை என்று நாம் கவனிக்காத இடங்களில்தான் சூடு நழுவிப் போகிறது.

அப்படி அடைத்தால் மூச்சு முட்டாதா? வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் புதுக்காற்றுக்கு மாற்றும் கருவி ஒன்றை வைத்தார்கள். இரண்டு காற்றும் கலப்பதில்லை, சூடு மட்டும் கைமாறும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புக் குறையாத இடம் இது.

அந்த வீட்டிலும் சூரியவெப்ப அமைப்பு இருந்தது. பின்னாளில் அதை அகற்றிவிட்டார்கள். பிறகு 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில், இதே போல மிகக் குறைந்த சூடாக்கலில் இயங்கும் ‘பாசிவ் ஹவுஸ்’ முறையின் முதல் வீடு எழுந்தது. சூடாக்க ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட் என்பதே அந்த முறையின் வரம்பு.

குளிர்நாட்டில் வீடு கட்டப்போகிறவர்களே, உள்சுவர்ப் பலகை அடிக்கும் முன்பே காற்றுக்கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பலகை அடித்தபின் ஓட்டை தேடுவது பெரும்பாடு.