டெம்மி அளவில் ஒரு திரை

10.1 அங்குல டேப்லெட்டின் திரை உயரம் 21.7 சென்டிமீட்டர், அகலம் 13.6. டெம்மி 1/8 அளவில் அச்சாகும் தமிழ்ப் புத்தகத்தின் பக்கம் உயரம் 21.5, அகலம் 14. அளவுகோலை வைத்துப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. விளம்பரத்தில் போடுகிற 10.1 என்பது மூலைக்கு மூலை அளவு. அதையும் பதினாறுக்குப் பத்து என்ற விகிதத்தையும் வைத்துத் தாளில் கணக்குப் போட்டேன். அதே விடைதான் வந்தது. டெம்மி புத்தகத்தின் ஒரு பக்கத்தை எடுத்து ஏறக்குறைய அப்படியே அந்தத் திரையின் மேல் படுக்க வைக்கலாம்.

டெம்மி என்பது பதினேழரைக்கு இருபத்திரண்டரை அங்குலத் தாள். அதை மூன்று முறை மடித்தால் எட்டு ஏடுகள், பதினாறு பக்கங்கள். அச்சகக்காரர்கள் ஒரு ஃபாரம் என்று சொல்வது அதைத்தான். கிரவுன் தாள் இன்னும் சிறியது. அதில் பிறக்கிற புத்தகம் ஏறக்குறைய பன்னிரண்டுக்குப் பதினெட்டு சென்டிமீட்டர். கடைகளில் 8.7 அங்குலம் என்று விற்கிற சின்ன டேப்லெட்டின் உயரம் 19 சென்டிமீட்டர். அகலம்தான் கிரவுனைவிடக் கொஞ்சம் ஒடுங்கல். டெம்மித் தாளை மனத்தில் வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியும் திரை செய்வதில்லை. ஆனால் கையில் பிடித்துப் படிக்கிற ஒரு பொருளுக்கு மனிதக் கையும் கண்ணும் கேட்கிற அளவு ஒன்றுதான் போலிருக்கிறது. காகிதக்காரர்கள் முன்பே கண்ட அளவுக்குக் கண்ணாடிக்காரர்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். எனக்கு இதில் சொல்ல முடியாத சந்தோஷம்.

இந்த அளவெல்லாம் பெரியம்மாவுக்காக. கும்பகோணத்தில் இருக்கிறாள், தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு கண்ணிலும் புரை அறுவை நடந்த பிறகு பார்வை தெளிந்துவிட்டது. ஆனால் அவள் படிக்க விரும்புகிற புத்தகங்கள் இப்போது கடையில் கிடைப்பதில்லை, மின்நூலகத்தில்தான் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பழைய நூல்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. தலபுராண வசனங்கள், வெண்பாப் பாட்டியல் உரைகள், அந்தக் காலத்துப் பத்திரிகைத் தொகுதிகள் என்று அவள் கேட்டவற்றில் பெரும்பாலானவை அங்கே இருந்தன. அவற்றைக் கைபேசியில் திறந்து கொடுத்தேன். வரியின் பாதியைப் படித்து, விரலால் தள்ளி, மறு பாதியைப் படித்து, மறுபடி இடப்பக்கம் வந்து அடுத்த வரியைத் தேடினாள். ஒரு பத்தி முடிவதற்குள் கீழே வைத்துவிட்டாள்.

மதுரைத் திட்டத்தின் கோப்புகளைக் காட்டினேன். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் தன்னார்வலர்கள் எத்தனையோ நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். அதில் எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கலாம். பெரியம்மா கொஞ்ச நேரம் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுத்து பெரிசா இருந்தாப் போதாதுடா. பக்கம் முழுசா கண்ணுல விழணும்."

"ஏன் பெரியம்மா, பாட்டு அதேதானே?"

"பாட்டு அதேதான். எனக்கு அது எங்க இருக்குன்னு தெரியணுமே. புறநானூத்துல பொன்முடியாரோட பாட்டு வலப்பக்கம், அடியிலே. அதுக்கு எதிர்ப் பக்கம் ஒரு அடிக்குறிப்பு நீளமா ஓடும். அந்த இடத்தை வச்சுத்தான் பாட்டே எனக்கு ஞாபகம் வரும்."

ஐம்பது வருஷம் ஒரே பிரதியைப் புரட்டியவர்களுக்குப் பாட்டு பக்கத்தில் ஓர் இடமாக மனத்தில் குடியிருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி உடைகிறது, பக்கம் கலைகிறது, பாட்டு வீடு மாறிவிடுகிறது. ஆகவே அச்சான பக்கம் அச்சான அளவிலேயே தெரிய வேண்டும். அது முடிவானதும் கேள்வி எளிதாயிற்று: பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் டெம்மி அளவில் ஒரு நல்ல திரை.

அந்த 'நல்ல' என்பதில்தான் சங்கதி இருந்தது. ஒரே 10.1 அங்குலத்தில் இரண்டு ஜாதித் திரைகள் விற்கிறார்கள். ஒன்றில் 1280-க்கு 800 ஒளிப்புள்ளிகள். மற்றதில் 1920-க்கு 1200. விலை வித்தியாசம் பெரிதில்லை. ஒரே கம்பெனியின் ஒரே பெயர் வரிசையில்கூட முந்தின தலைமுறைக்கு ஒன்று, அடுத்ததற்கு இன்னொன்று இருக்கும். படம் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தமிழ் படிக்கிறவருக்கு அப்படி இல்லை.

பழைய அச்சில் மெய்யெழுத்தின் மேல் இருக்கிற புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர் இருக்கும். முதல் ஜாதித் திரையில் அந்த அரை மில்லிமீட்டருக்குக் கிடைப்பது மூன்று ஒளிப்புள்ளிகள் மட்டுமே. இரண்டாவதில் நாலரை. பரப்பாகக் கணக்கிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். மூன்று ஒளிப்புள்ளியில், பழுப்பேறிய தாளின் ஸ்கேனில், புள்ளி சாம்பல் நிறத்தில் ஒரு கறையாகத் தெரிகிறது. தாளில் இயல்பாகவே இருக்கிற கறைக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடிவதில்லை. ணகரத்தின் சுழிகளும் அப்படித்தான், மூன்று சுழி இரண்டாகி னகரமாகத் தோன்றும். ஆங்கிலத்தில் ஒரு புள்ளி மங்கினாலும் சொல்லை ஊகித்துக்கொள்ளலாம். தமிழில் வரிக்குப் பத்துப் பதினைந்து புள்ளிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஓர் உயிரை நீக்குகிறது.

புள்ளி இல்லாத தமிழை நம் முன்னோர் படித்துத்தான் இருக்கிறார்கள். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு ஓட்டையாகிக் கிழியும். அதனால் எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டார்கள். 'பற்று' என்பது ஏட்டில் 'பறறு' என்று இருக்கும். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். நெருப்பைச் சொல்லும் எரியும் நீரைச் சொல்லும் ஏரியும் ஏட்டில் ஒன்றே. காலுக்கும் ரகரத்துக்கும்கூட வேறுபாடு கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனி வடிவம் கொடுத்த பிறகுதான் அந்தக் குழப்பம் தீர வழி பிறந்தது. ஏட்டைப் படித்தவர்கள் யாப்பையும் பொருளையும் வைத்து, விட்டுப்போன புள்ளிகளைத் தாங்களே இட்டுக்கொண்டார்கள். உ.வே.சாமிநாதையரும் சி.வை.தாமோதரம்பிள்ளையும் அப்படி இட்ட புள்ளிகளின்மேல்தான் இன்றைக்கு நாம் படிக்கிற சங்க இலக்கியம் நிற்கிறது. அவர்கள் ஓலையிலிருந்து மீட்டுக் காகிதத்தில் வைத்த புள்ளி, சில நூறு ரூபாய் மிச்சத்துக்காகக் கண்ணாடியில் மறுபடி தொலைவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

டேப்லெட் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையன் பொறுமையானவன். "சார், இதைப் பாருங்க. எட்டு ப்ளஸ் எட்டு, மொத்தம் பதினாறு ஜிபி ராம். இந்த ரேட்டுக்கு யாரும் தரமாட்டாங்க" என்றான். இரண்டாவது எட்டு சேமிப்பிலிருந்து இரவல் வாங்கியது. உண்மையான ராமின் வேகம் அதற்குக் கிடையாது. ஆனால் டப்பாவின்மேல் எண் பெரிதாக இருக்கிறது. திரையின் ஒளிப்புள்ளிக் கணக்கு டப்பாவில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவனும் நானும் சேர்ந்து தேடினோம். பின்பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. அந்தக் கம்பெனியின் பெயர் எதற்கு, இந்த விலையில் விற்கிற பலரும் இதைத்தான் செய்கிறார்கள். மலிவாக விற்கிறவன் எங்கோ ஓரிடத்தில் குறைத்துத்தான் ஆகவேண்டும், அதில் தப்பில்லை. எங்கே குறைத்தான் என்பதை மறைப்பதுதான் எனக்குக் கோபம்.

மலிவு என்ற பேச்சு வந்தால் என் மனம் போகிற இடம் பெரியம்மாவின் அலமாரிதான். அதன் கீழ்த்தட்டில் மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் இருக்கும். ராஜம் சென்னையில் ஏலக் கம்பெனி நடத்தியவர். மர்ரே என்பது அந்தக் கம்பெனியின் பெயர். அவர் 1950-களில் சங்க நூல்களையும் காப்பியங்களையும் கம்பனையும் மலிவு விலையில் அச்சிட்டு விற்றார். ஏலக் கடை வைத்திருக்கிறவருக்குப் பொருளின் விலை தெரியும். எதில் குறைத்தால் பொருள் கெடும் என்பதும் தெரியும். அவர் புத்தகங்களில் ஆடம்பரம் கிடையாது, நீண்ட விளக்கவுரை கிடையாது. மூலம் மட்டும். ஆனால் அந்த மூலத்தைச் சந்தி பிரித்து, நிறுத்தக்குறி இட்டு, சாதாரணமாகத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வாய்விட்டு வாசித்தால் நாக்கு தடுக்காதபடி போட்டார். சந்தி பிரிப்பது சின்ன வேலையா? ஒவ்வொரு சேர்க்கையிலும் எங்கே வெட்டுவது என்று தெரிந்தவர்கள் வேண்டும். வையாபுரிப்பிள்ளை வழிகாட்ட, புலவர்கள் கூடி உட்கார்ந்து அதைச் செய்தார்கள். ராஜம் தாளிலும் கட்டிலும் மிச்சம் பிடித்தார். புலமைக்குக் கொடுக்கிற கூலியில் மிச்சம் பிடிக்கவில்லை.

பெரியம்மா ராஜம் பதிப்புப் புறநானூற்றை வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கினாள். அதுவரைக்கும் உரையோடு கூடிய பதிப்பை நூலகத்தில் உட்கார்ந்து படித்தவள். சொந்தமாக ஒரு புறநானூறு கையில் வந்ததும் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, பாடத்தில் இல்லாத பாட்டுகளை வாசிக்கச் சொல்வாளாம். "அர்த்தம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல தயங்காம வாசி" என்பாள். பிரித்த சந்தியால் பிள்ளைகள் தயங்காமல் வாசித்தார்கள். பையன் ஒருவன், வாசித்துக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்று, "டீச்சர், இது எங்க அப்பா சண்டைக்குப் போறப்ப அம்மா சொல்றது மாதிரி இருக்கு" என்றானாம். அவன் அப்பா பட்டாளத்தில் இருந்தார். பெரியம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பாட்டு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்தே சொல்வாள். புத்தகத்தின் முதுகு எப்போதோ விட்டுவிட்டது. கோந்து போட்டு, வேட்டிக் கரையைக் கிழித்து ஒட்டிவைத்திருக்கிறாள். தாள் பழுப்பேறி, ஓரம் உதிர்கிறது. ஆனால் ஒரு புள்ளிகூட மங்கவில்லை.

அதே பத்தாண்டில் சக்தி வை. கோவிந்தன் பாரதியார் கவிதைகளை மலிவுப் பதிப்பாக இரண்டு ரூபாய்க்குள் கொண்டுவந்தார். 1949-இல் பாரதி படைப்புகளை அரசு தன் வசமாக்கி, பிறகு பொதுவில் விட்டதால் யாரும் அச்சிடலாம் என்ற நிலை வந்திருந்தது. கோவிந்தனும் எங்கே குறைக்கக்கூடாது என்று அறிந்தவர்களில் ஒருவர்.

கணினியில் இந்த ஞானம் இருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சிம்ப்யூட்டர் என்று ஒன்றைச் செய்தார்கள். ஆங்கிலம் தெரியாத கிராமத்தவருக்காக இந்திய மொழி எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதியை முதலிலேயே அதில் வைத்தார்கள். ஒரே கருவியைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்த ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு. 2004-இல் கடைக்கு வந்தபோது விலை பத்தாயிரத்தை ஒட்டி நின்றது. எண்ணிய அளவுக்கு விற்கவில்லை. அடுத்து 2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்கென்று ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டது. விலை 2,300 ரூபாய்க்குள். ஏழு அங்குலத் திரை, அதுவும் விரலால் அழுத்தினால்தான் கேட்கிற ரகம். 256 எம்பி ராம். அதில் இருந்தது ஆண்ட்ராய்டு 2.2. அந்த ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துரு கிடையாது, தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக நிற்கும். விலையை முதலில் எழுதிவிட்டு அதற்குள் கருவியை அடக்கினார்கள். சிம்ப்யூட்டர்காரர்கள் மனிதரை முதலில் எழுதினார்கள். சந்தையில் இரண்டும் தோற்றன என்றாலும் எனக்கு இரண்டும் ஒன்றல்ல.

கடைசியில் வாங்கியது 11 அங்குலம், 1920-க்கு 1200. அகலம் 14.8 சென்டிமீட்டர், டெம்மிப் பக்கம் வைத்தால் சுற்றிக் கொஞ்சம் ஓரம் மிஞ்சுகிறது, அதுவும் நல்லதுதான், விரல் வைக்க இடம். எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கையில் தூக்கிப் பிடிக்க வேண்டாம் என்று ராமாயணம் வாசிக்கிற சிக்குப் பலகையில் சார்த்திக் கொடுத்தேன். மினுக்கம் குறைய மேலே ஒரு மங்கல் படலம் ஒட்டினேன். பெரியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதலில் ஒரு புள்ளியைத்தான் பார்த்தாள். விரல் நுனியை அதனடியில் வைத்து, "இருக்கு" என்றாள்.

இப்போது அவளுக்கு வேறு வேலை கிளம்பியிருக்கிறது. கும்பகோணத்திலேயே அச்சான ஒரு பழைய தலபுராண வசன நூலை மின்நூலகத்தில் படித்துக்கொண்டு போனவள், 62-ஆம் பக்கத்துக்குப் பிறகு 65 வருகிறது என்று கண்டுபிடித்தாள். ஸ்கேன் செய்த பிரதியில் ஓர் ஏடே இல்லை. அந்த நூல் அவள் அலமாரியில் முழுசாக இருக்கிறது.

"இந்தப் பலகையிலேயே படம் எடுக்கலாமாமே. அந்த ரெண்டு பக்கத்தை எடுத்து அவங்களுக்கு அனுப்பிடலாமாடா? எழுத்து தெளிவா வருமா?"

வரும். எட்டு மெகாபிக்சல் கேமராவில் நீளவாட்டில் 3264 ஒளிப்புள்ளிகள். எட்டரை அங்குல உயரமுள்ள டெம்மிப் பக்கத்துக்கு வகுத்தால் அங்குலத்துக்கு 380-க்கு மேல் வருகிறது. நூலகங்கள் ஸ்கேன் செய்ய வழக்கமாக வைத்துக்கொள்கிற 300-ஐவிட அதிகம். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், ஏட்டை மடங்காமல் கண்ணாடித் தகடு வைத்து அழுத்தி, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். சனிக்கிழமை காலை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் அவள் தன் மற்றப் புத்தகங்களையும் மின்நூலகப் பிரதியோடு பக்கம் பக்கமாக ஒப்பிடத் தொடங்கிவிட்டாள்.