குறுவைக்கு நடுவே ஒரு வாரண்டி

ஜூன் 20, 2025, வெள்ளி

இந்த வருஷம் மேட்டூர் அணை 12-ஆம் தேதியே திறந்துவிட்டது. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் நாளாகும். போர் தண்ணீரை நம்பிச் சேற்றுழவைத் தொடங்கியிருந்தோம். காலையில் டிராக்டரை எடுக்குமுன் டிரைவர் அண்ணன் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. அளவும் மேல்கோட்டைத் தாண்டி நின்றது.

"தண்ணி ஏறிருச்சும்மா. இனி ஒரு சால்கூட ஓட்டக் கூடாது" என்றார்.

தை மாதம் எடுத்த வண்டி. மணி மீட்டர் 212 காட்டுகிறது. இந்த மாடலில் கியர்பாக்ஸ், பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில், 40 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதில் தண்ணீர் கலந்த பிறகும் ஓட்டினால் பேரிங் துருப்பிடிக்கும், பல்சக்கரம் தேயும், ஹைட்ராலிக் பம்ப் போய்விடும். நாற்று தயாராகிக்கொண்டிருக்கும் நேரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்ல எந்த டிரைவருக்கும் மனசு வராது. அண்ணன் நிறுத்தினார். நாளைக்குப் பெரிய செலவு வராமல் இருந்தால் அதற்கு அவர்தான் காரணம்.

ஜூன் 21, சனி

டீலரிடமிருந்து மெக்கானிக் தம்பி பைக்கில் வந்தான். கெட்டிக்காரப் பையன். ஆயிலைத் தொட்டுப் பார்த்ததுமே கேட்டான்:

"அக்கா, கேஜ்வீல் போட்டு ஆழச் சேத்துல ஓட்டுனீங்களா? அப்படின்னா வாரண்டில வராதுன்னு சொல்லுவாங்க."

டெல்டாவில் கேஜ்வீல் மாட்டிச் சேற்றில் இறங்காத டிராக்டர் எது? ஷோரூம் சுவரிலேயே இந்த மாடல் கேஜ்வீலோடு சேறு அடிக்கிற படம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்கிறது. நெல் வயலுக்கு என்று சொல்லி விற்ற வண்டி நெல் வயலில் இறங்கியதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. அவனிடம் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஜாப் கார்டு போடச் சொன்னேன்.

"அதெல்லாம் வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாத்தான்க்கா."

"வண்டி நேத்தே நின்னுருச்சு. இன்னைக்குத் தேதி போட்டு எழுது தம்பி."

எழுதினான். முதலில் 'ஆயில் லீக்' என்று எழுதினான். அதை அடித்துவிட்டு, 'ஆயிலில் தண்ணீர் கலந்துள்ளது, காரணம் பிரித்துப் பார்த்தபின் தெரியும்' என்று எழுதவைத்தேன். இரண்டும் வெவ்வேறு புகார். நாளைக்குக் கம்பெனிக்குப் போகப்போவது அவன் எழுதிய வரிதான். மணி மீட்டரையும் டிப்ஸ்டிக்கையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் ஆயிலை மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

டீலரிடம் போனேன். சர்வீஸ் மேனேஜர் மரியாதையான மனிதர், மறைக்காமல் பேசினார்.

"மேடம், பார்ட்ஸை முதல்ல நாங்க கைக்காசு போட்டு மாத்தணும். பழைய பார்ட்டுல டேக் கட்டிக் கம்பெனிக்கு அனுப்பணும். அவங்க ஒத்துக்கிட்டாத்தான் எங்க கணக்குல வரவு வைப்பாங்க. ரிஜெக்ட் பண்ணிட்டா நஷ்டம் எங்களுக்கு. வேலைக்கூலியும் வெளில வாங்குற ரேட்டுல தர மாட்டாங்க."

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. வாரண்டி கொடுப்பது கம்பெனி. வேலை பார்ப்பது டீலர். இந்த இருவருக்கும் நடுவில் இருக்கும் பணக்கணக்குதான் விவசாயியிடம் வரும்போது 'நீங்க ஓட்டுன விதம்' என்கிற பேச்சாகிறது. டீலரின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு அவர்களுக்குள் தீர வேண்டியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணை கட்டுகிறவள் நான். எந்தத் தவணையையும் 'கிளைம் பாஸ் ஆகட்டும்' என்று தள்ளிவைக்க ஃபைனான்ஸ்காரர்கள் விடுவதில்லை.

அங்கே உட்கார்ந்தபடியே கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணுக்குப் பேசிப் புகார் எண் வாங்கினேன். டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரே மின்னஞ்சல், ஜாப் கார்டு படத்தோடு. மேனேஜர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "இப்படிப் பண்ணுனீங்கன்னா எங்களுக்கும் நல்லதுதான் மேடம்" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

நாற்றுக்கு இன்று 22 நாள். குறுகிய கால ரகத்துக்கு 25 நாளைத் தாண்டினால் தூர் குறையும். வாடகை வண்டிக்கு அலைந்தோம். குறுவை நேரத்தில் யார் வண்டியும் சும்மா நிற்பதில்லை. சித்தப்பா சொல்லி, பக்கத்து ஊர்க்காரர் ராத்திரி வேலையாக ஓட்டித்தர ஒத்துக்கொண்டார்.

ஜூன் 25, புதன்

வாரண்டி புத்தகத்தை முழுக்கப் படித்தேன். வாங்கும்போது எல்லோருக்கும் காதில் விழுவது 'இத்தனை வருஷ வாரண்டி' என்ற பெரிய எண்தான். உள்ளே பார்த்தால் முழு வண்டிக்கும் பொறுப்பு முதல் கொஞ்ச காலத்துக்கு மட்டும். அதற்கப்புறம் என்ஜினும் கியர்பாக்ஸும்தான். வருஷத்தோடு மணிக்கணக்குக்கும் ஒரு வரம்பு இருக்கிறது, எது முந்துகிறதோ அதோடு முடிந்தது. டயர், பேட்டரி போன்றவற்றுக்கு அதை அதைச் செய்த கம்பெனிதான் பொறுப்பு. ஆயில், ஃபில்டர், கிளட்ச் லைனிங், பிரேக் லைனிங் எதிலும் சேராது. 50 மணியில் செய்யும் முதல் சர்வீஸிலிருந்து ஒன்றைத் தவறவிட்டாலும், வெளியில் ஆயில் மாற்றினாலும், மறுக்க அது போதும்.

எங்கள் கூப்பன்களில் எல்லாம் முத்திரை இருக்கிறது. சர்வீஸ் பில்களையும் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

ஜூன் 27, வெள்ளி

கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். ஒர்க்‌ஷாப்பில் என் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்ததால் காத்திருந்தார்கள். அவரும் தண்ணீர் ஆழம், கேஜ்வீல் என்றே தொடங்கினார்.

நம் நாட்டில் டிராக்டர் மாடல்களைச் சோதிக்கும் மத்திய அரசு நிறுவனம் மத்தியப் பிரதேசம் புத்னியில் இருக்கிறது. அங்கே வண்டியைச் சேற்றிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டிய பின் பிரித்து, சேறோ தண்ணீரோ உள்ளே புகுந்திருக்கிறதா, சீல்கள் தாங்கினவா என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். இதைச் சொல்லிவிட்டு, "சேத்துல சீல் தாங்கும்னு சோதிச்சு விக்கிற வண்டிதானே சார் இது?" என்றேன். அதன்பிறகு அவர் கேஜ்வீலைப் பற்றிப் பேசவில்லை.

முதலில் கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் இருக்கும் பிளக்கைப் பார்த்தார். சேற்றில் இறங்குமுன் அதை மாட்ட வேண்டும், வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். மாட்டியிருந்தது. அதற்கப்புறம் சக்கரத்தைக் கழற்றி இடது பின் ஆக்சிலைப் பிரித்தார்கள். ஆயில் சீலின் உதடு ஒரு பக்கம் உள்ளே மடிந்து நைந்திருந்தது. மாட்டும்போதே மடிந்துவிட்டால்தான் அப்படி இருக்கும் என்று அவரே சொன்னார். வலது பக்கச் சீல் புதிதாக இருந்தது. இரண்டு சக்கரமும் ஒரே சேற்றில்தான் ஓடின. சேறுதான் காரணமென்றால் அந்தப் பக்கமும் போயிருக்க வேண்டாமா?

மடிந்த சீலை என் கையால் படம் எடுத்தேன். 'ஃபிட்டிங் குறைபாடு, வாரண்டிக்குப் பரிந்துரை' என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்திட்டார். இந்த இன்ஜினியருக்கு நன்றி சொல்ல வேண்டும். கண்ணால் கண்டதை அப்படியே எழுதுகிற ஆள் கம்பெனியில் இருந்தால் பாதித் தகராறு அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஜூன் 28, சனி

புதுச் சிக்கல். சீல் இலவசம், ஆயில் என் செலவு என்கிறார்கள். ஆயில் வாரண்டியில் வராதாம்.

தேய்ந்து தீரும் ஆயிலுக்குக் கம்பெனி பொறுப்பில்லை, சரி. இது தீர்ந்துபோன ஆயிலா? அவர்கள் மாட்டிய சீல் தண்ணீரை உள்ளே விட்டதால் கெட்டுப்போனது. சீல் சில நூறு ரூபாய்ப் பொருள். 40 லிட்டருக்கு மேல் ஆயிலும், உள்ளே ஒட்டிய ஈரத்தைக் கழுவி எடுக்க ஊற்றி வடிக்கிற ஆயிலும் சேர்ந்தால் சீலின் விலையைப் போலப் பல மடங்கு. சின்னதைக் கொடுத்துவிட்டுப் பெரியதை விவசாயியின் தலையில் வைத்தால் அதை வாரண்டி என்று நான் ஏற்க மாட்டேன். மறுபடி மின்னஞ்சல் எழுதினேன். அதே புகார் எண், சீலின் படம், இன்ஜினியர் கையெழுத்து. மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

சீல் சென்னையிலிருந்து வர வேண்டியிருக்கிறதாம். டெல்டாவில் சேற்றுழவு நடக்கிற மாதத்தில் ஆக்சில் சீல் டெல்டா டீலரிடம் இல்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய குறையாகப் படுகிறது.

ஜூலை 3, வியாழன்

வண்டி தயார். ஆயில் செலவில் பாதியைக் கம்பெனியும் மீதியை டீலரும் ஏற்றார்கள். 'நல்லெண்ண அடிப்படையில்' என்று எழுதியிருக்கிறார்கள். எப்படியோ எழுதட்டும். கையெழுத்துப் போடுமுன் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: ஆயிலில் தண்ணீர் கலந்ததால் பேரிங்கிலோ ஹைட்ராலிக் பம்பிலோ பின்னால் கோளாறு தெரிந்தால் அது இந்தப் பழுதின் தொடர்ச்சியாகவே கொள்ளப்படும். மேனேஜர் கம்பெனிக்குப் பேசிவிட்டு எழுதிக் கொடுத்தார். துரு இன்று தெரியாது, அடுத்த பருவத்தில் சத்தமாக வரும்.

ஜூலை 6, ஞாயிறு

வேலை முடிந்தும் சட்டத்தைப் படித்து வைத்தேன். கூத்தாநல்லூர் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் கேட்டார். அவருடைய வண்டி கிளட்ச் தகராறில் நிற்கிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமையகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் கட்டணம் 200 ரூபாய்தான். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வாடகைக்கு ஓட்டியதால் இது வணிகம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கியதை வணிக நோக்கம் என்று கொள்ள முடியாது என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. குறைபாடு தயாரிப்பிலேயே இருந்தது என்று காட்ட நிபுணர் கருத்து கேட்பார்கள். அதனால்தான் பிரிக்கும்போது கூட நிற்பதும் படம் எடுப்பதும் இவ்வளவு முக்கியம். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம்.

பழுதுபார்க்க டீலரை மட்டுமே நம்பும் நிலையும் கூடிவருகிறது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதி வந்துவிட்டது. அவற்றில் என்ஜினை மின்னணுப் பெட்டி கவனிக்கிறது. கோளாறைப் படிக்க டீலரின் லேப்டாப் வேண்டும், ஊர் மெக்கானிக்கால் முடியாது. அமெரிக்காவில் இதே பிரச்சினைக்காகக் கொலராடோ மாநிலம் விவசாயிகள் தங்கள் இயந்திரங்களைத் தாங்களே பழுதுபார்க்கும் உரிமையை 2023-இல் சட்டமாக்கியது. நம் மத்திய அரசு 2022-இல் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்திலும் விவசாயக் கருவிகள் உண்டு. தளம் இருப்பது நல்லது, கட்டாயப்படுத்தும் சட்டம் இன்னும் நமக்கு வரவில்லை. வர வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

நடவு முடிந்தது. கடைசி வயலுக்கு நாற்று 30 நாளைத் தாண்டிவிட்டது, மகசூல் குறையத்தான் செய்யும். வாடகை உழவுக்குக் கொடுத்ததை யாரும் தரப்போவதில்லை. வண்டி நின்ற நாட்களுக்கான நஷ்டம் எங்கள் பொறுப்பில்லை என்று வாரண்டி புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

அந்த வரியைத்தான் மாற்ற வேண்டும். பருவத்தில் வாரண்டி வேலைக்காக வண்டி நின்றால், குறிப்பிட்ட நாளுக்குமேல் மாற்று வண்டி தருவது டீலர் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கம்பெனிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: மேட்டூர் திறக்கும் ஜூன் 12 உங்களுக்கும் தெரிந்த தேதிதான். மே மாதமே டெல்டா டீலர்களிடம் ஆக்சில் சீலும் பேரிங்கும் கிளட்ச் தட்டும் இருப்பு வையுங்கள்.

வண்டி வாங்கப் போகிறவர்கள் தள்ளுபடியைக் கேட்குமுன் ஒர்க்‌ஷாப்புக்குள் போய்ப் பாருங்கள். எத்தனை மெக்கானிக், எந்தெந்தப் பார்ட்ஸ் கையிருப்பு, கம்பெனி இன்ஜினியர் எங்கே உட்காருகிறார் என்று கேளுங்கள். அந்த டீலரிடம் போன குறுவையில் வண்டி நின்றவர் ஒருவரைத் தேடிப் பேசுங்கள். விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.