12 சென்டிமீட்டரில் அப்பாவின் அம்பாசடர்!

தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையாக இருந்தால் மட்டும் பள்ளிக்குக் கொண்டு வரலாம். 1950-களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு பள்ளியில் இப்படி ஒரு விதி இருந்தது. அங்கே படித்த ஒரு சிறுமியின் அப்பா ஜாக் ஓடெல், உலோகத்தை வார்த்துப் பொம்மை செய்யும் நிறுவனத்தின் பங்குதாரர். மகளுக்காகத் தீப்பெட்டி அளவில் ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அதிலிருந்து 1953-ல் பிறந்ததுதான் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள். 1968-ல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 16 கார்களோடு 'ஹாட் வீல்ஸ்' வரிசையைத் தொடங்கியது. இன்று சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு, குழந்தைகளை அடம்பிடிக்க வைப்பவை இவைதான்.

குழந்தைகள் மட்டுமா அடம்பிடிக்கிறார்கள்?

திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் அந்த 38 வயதுக்காரர், மகளுக்கு என்று சொல்லி வாங்கிய முதல் காரைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். இரண்டாவதைப் பிரித்துப் பார்த்தார். மூன்றாவது காருக்கு அவரே பெயின்ட் அடித்தார். "என்னங்க, நல்லாத்தானே இருந்துச்சு. எதுக்குப் பிரிச்சீங்க?" என்று மனைவி கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

கார்களை இப்படிப் பிரித்து, மாற்றி, தன் விருப்பப்படி மறுபடி கோப்பதை 'கஸ்டமைசிங்' என்கிறார்கள். உலோகக் காரின் அடித்தட்டை ரிவெட் பிடித்திருக்கும். சின்ன டிரில்லால் அதன் தலையைக் குடைந்தெடுத்தால் உடல், கண்ணாடி, சீட், சக்கரம் எல்லாம் தனித்தனியாக வந்துவிடும். பழைய பெயின்டை உரித்து, பிரைமர் அடித்து, மெல்லிய பூச்சாகப் பல முறை அடிக்க வேண்டும். ஒரே தடவையில் அப்பினால் கதவின் கோடுகள் மூழ்கிவிடும்.

சொந்தச் செலவில் அவர் படித்த பாடங்கள் சில உண்டு. ஜன்னல் கண்ணாடியை ஒட்ட சூப்பர் குளூ ஆகாது. அதன் ஆவி பட்டுக் கண்ணாடி பனி பிடித்த மாதிரி வெளுத்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளைப் பசையே போதும். ஈரக்காற்று அடிக்கும் மழை நாளில் ஸ்பிரே பெயின்டைத் தொடக்கூடாது. வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிடும். மாடியில், காற்றோட்டத்தில், மாஸ்க் போட்டுக்கொண்டுதான் ஸ்பிரே அடிக்க வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது.

கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் அவருடைய அப்பா. "பொம்மைக்கு இவ்ளோ மெனக்கெடுற. இது சோறு போடுமாடா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

சோறு போட்ட கதையும் உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு, 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்காக மாடல் போட்டி நடத்தியது. பரிசு, கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. 1947-ல் தன் மாடல் காருக்காகப் பரிசு வாங்கிய சக் ஜோர்டன் என்ற இளைஞர், பின்னாளில் அதே ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே துணைத் தலைவர் ஆனார்.

இந்தக் கதையை மகன் அப்பாவிடம் சொல்லவில்லை. கல்லூரிப் படிப்பு, கார் இரண்டும் சேர்ந்து வரும் பேச்சு அந்த வீட்டில் எழுவதில்லை.

அப்பா டாக்ஸி ஓட்டியவர். சொந்தமாக ஒரு வெள்ளை அம்பாசடர். ஜங்ஷன் பக்கத்து ஸ்டாண்டில்தான் அவர் வாழ்க்கையில் பாதி கழிந்தது. 2006-ல் மகனின் இன்ஜினீயரிங் ஃபீஸுக்காக அந்த வண்டியை விற்றார். அன்று சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே சில பாட்டு கேசட்டுகளும், வண்டியின் முன்பக்கம் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரும். பிள்ளையார் பூஜை அலமாரிக்குப் போனார். அதற்குப் பிறகு அப்பா வேறு ஒருவரின் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டினார். மகன் எதுவும் கேட்டதில்லை, அப்பாவும் சொன்னதில்லை. 2014-ல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பே நின்றுபோனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அப்பா பேப்பரை மடித்து வைத்தார், அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு கடையில் பிளாஸ்டிக் அம்பாசடர் ஒன்று மகன் கண்ணில் பட்டது. பின்னால் இழுத்துவிட்டால் முன்னால் ஓடுமே, அந்த வகை. கணக்குக்காரர் ஆயிற்றே, வீட்டுக்கு வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்தார். 12 சென்டிமீட்டர். நிஜ வண்டி சுமார் 4.3 மீட்டர். அப்படியானால் ஏறக்குறைய 1:36. அதாவது நிஜத்தில் 36 சென்டிமீட்டர் இருப்பது இதில் 1 சென்டிமீட்டர். ஹாட் வீல்ஸ் மாதிரியான சின்னக் கார்களை 1:64 என்பார்கள். அந்த அளவில் அம்பாசடர் 7 சென்டிமீட்டர்கூட வராது.

பிரித்தார். பெயின்ட் அடித்தார். காய வைத்தார். அப்பா எழுந்து வந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார். "நம்ம வண்டி இவ்ளோ வெள்ளையாடா இருந்துச்சு?" என்றார்.

அந்தக் கேள்வியில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. நிஜ காரின் நிறத்தை அப்படியே சின்ன மாடலில் அடித்தால் கண்ணை உறுத்தும். அதனால் மாடல் செய்பவர்கள் நிறத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்திக்கொள்வார்கள். மகன் வெள்ளையில் ஒரு சொட்டு சந்தன நிறமும் துளி சாம்பலும் கலந்து மறுபடி அடித்தார். அப்பா தலையை ஆட்டினார்.

அதன் பிறகு அப்பா கட்டிலில் இல்லை, மேஜைப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். கியர் தரையில் இருக்கக்கூடாது, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்து நீட்டிக்கொண்டு வர வேண்டும் என்றார். அவருடையது பழைய மாடல். ஊசி முனையை வெட்டி அரை சென்டிமீட்டரில் கியர் வைத்தார் மகன். டிரைவர் சீட்டில் துண்டு வேண்டும் என்றார். நிஜத் துணியின் இழை இந்த அளவுக்குத் தடிமனாகத் தெரியும் என்பதால், டிஷ்யூ பேப்பரை வெள்ளைப் பசையில் நனைத்து மடித்துப் போட்டார். இடது பின்பக்க மட்கார்டில் ஒரு நசுங்கல், மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து... நம்பரை அப்பா யோசிக்காமல் சொன்னார்.

கடைசியில் மிஞ்சியது பிள்ளையார். ஒரு சிவப்பு மணியைச் செதுக்கி வைத்திருந்தார் மகன். ஆனால் ஒட்டவில்லை. "வித்த அன்னிக்கு வண்டியில பிள்ளையார் இல்லையேப்பா. நீங்கதான் கழட்டி எடுத்துட்டு வந்துட்டீங்களே" என்றார். 19 வருடத்தில் அந்த நாளைப் பற்றி அந்த வீட்டில் பேசப்பட்ட முதல் வாக்கியம் அது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நீ செய்யிறது வித்த வண்டியா, ஓடுன வண்டியா?"

"ஓடுன வண்டிப்பா."

"அப்போ வை."

மூன்று மாத வேலை. கண்ணாடிப் பெட்டி வாங்கி வந்து அதற்குள் வைத்தார் மகன். மறுநாள் ஆபீஸிலிருந்து திரும்பியபோது பெட்டி காலியாக இருந்தது. கூடத்துத் தரையில் தாத்தாவும் பேத்தியும் எதிரெதிரே உட்கார்ந்து காரைத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்து கிடந்தது. மகனுக்குச் சுருக்கென்றது. "அப்பா, அது ஷோ பீஸ்ப்பா" என்றார்.

"ஓடாத வண்டி என்னடா வண்டி? இழுத்துவிட்டா ஓடும்னியே, அந்த ஸ்பிரிங்கு எங்க?"

கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அன்று ராத்திரி அதைத் தேடி எடுத்து மறுபடி பொருத்தினார். பக்கக் கண்ணாடியை ஒட்டவில்லை, கம்பியில் புதிதாகச் செய்தார். இனி உடையாது.

அடுத்த வாரம் அப்பா அந்த வண்டியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பழைய ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிக்கப் போய்விட்டு வந்தார். அதிலிருந்து ஒவ்வொருவராக வீட்டுக்கு வருகிறார்கள். எல்லோரும் அந்த நாளில் அவரோடு வண்டி ஓட்டியவர்கள். "தம்பி, என் வண்டியையும் செஞ்சு தர்றியா?" என்கிறார்கள். போட்டோ இருக்கிறதா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தார்கள், காதுகுத்துக்கு எடுத்தார்கள். அந்தச் செலவுக்கெல்லாம் சம்பாதித்துக் கொடுத்த வண்டியை யார் போட்டோ எடுத்தார்கள்?

ஆனால் நம்பர் மட்டும் ஒருவருக்கும் மறக்கவில்லை.