ஓட்டு இடுக்கில் ஒரு தடம்

சிவகங்கைப் பக்கம் கோழி செத்தால் முதல் பழி கீரி மேல்தான் விழும். அப்பத்தாவின் கூட்டில் விடிகாலையில் ஐந்து சிறுவிடைக் கோழிகள் செத்துக் கிடந்தபோதும் அப்படித்தான். ஒன்றின் தலையையும் நெஞ்சையும் மட்டும் ஏதோ தின்றிருந்தது. மற்ற நான்கிலும் கழுத்தில் கடி, அவ்வளவே. "கீரிதாம்ப்பா. ரத்தத்த உறிஞ்சிட்டுப் போட்டுட்டுப் போயிருக்கு" என்றார் அப்பத்தா.

எனக்கு மனம் ஒப்பவில்லை. கீரி பகலில் திரிவது. இருட்டியதும் வளைக்குள் அடங்கிவிடும். கூட்டை அடைத்தபோது எல்லாக் கோழிகளும் உயிரோடு இருந்தன, கருக்கலில் திறந்தபோது இல்லை. கீரியோடு சேர்த்துப் பருந்தையும் அப்போதே விலக்கிவிடலாம்.

ஒரு கோழியை அறுத்துப் பார்த்தேன். ரத்தம் உடம்புக்குள்ளேயே உறைந்து கிடந்தது. எதுவும் அதை உறிஞ்சவில்லை. பல ஊர்களில் நம்பப்படும் இந்தக் கதை கடிவாயின் அளவைப் பார்த்து வந்திருக்க வேண்டும்: வெளியே இரண்டு சின்னத் துளைகள், தரையில் ரத்தமே இல்லை.

அப்படியானால், தின்னாத நான்கை ஏன் கொல்ல வேண்டும்? விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் 1972இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். காட்டில் ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை பறந்துவிடும், வேட்டை அத்தோடு முடியும். அடைத்த கூட்டில் கோழிக்குத் தப்ப வழியில்லை. எதிரே படபடக்கும் இரை இருக்கும்வரை கடிக்கும் வேகம் அடங்குவதில்லை. வெறியோ வன்மமோ இதில் இல்லை.

நாய் வந்திருந்தால் கதவு பெயர்ந்து, வாசலெல்லாம் இறகாக இருக்கும். சாரைப்பாம்பு முட்டையையும் குஞ்சையும் முழுசாக விழுங்கும், இவ்வளவு பெரிய கோழியைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகாது. பெருச்சாளியும் குஞ்சுகளைத்தான் வளைக்குள் இழுக்கும். மிஞ்சியவை பூனை இனமும் மரநாயும்.

கதவு அடைத்தபடியே இருந்தது. ஆனால் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு இடுக்கு. அடுப்புச் சாம்பலைச் சலித்துச் சுவர் மேலும் கூட்டைச் சுற்றியும் மெல்லியதாகத் தூவி வைத்தேன். கொன்ற இடத்துக்கு அது திரும்பி வரும் என்று நம்பினேன், வந்தது. சாம்பலில் ஐந்து விரல் தடம். பூனைத் தடத்திலும் நாய்த் தடத்திலும் நான்குதான் பதியும். சுவரின் மூலையில் கிடந்த எச்சம் முழுக்க அத்தி விதை. பழத்தையும் தின்று, சுவரேறி வந்து கோழியையும் கடிப்பது மரநாய்தான்.

சுருக்கு வைத்துப் பிடித்துத் தருவதாகப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அதைவிட, இடுக்கு இருக்கும்வரை இன்னொன்று வரும். பழம் தின்று தோட்டமெங்கும் விதை போடும் பிராணியைக் கொல்ல எனக்கு மனமும் இல்லை. இடுக்கை அடைக்கக் கடையில் வலை கேட்டால் மெல்லிய கோழிவலையைத்தான் கொடுப்பார்கள், மரநாய் அதைக் கடித்தே பிய்த்துவிடும். கண் சிறிதான, வெல்டிங் செய்த கம்பி வலையை வாங்கி ஓட்டடியைச் சுற்றிலும் ஆணியடித்தோம்.