ஸ்டோர்ஸ் கதவும் ப்ராசஸர் கதவும்

பி.காம் படிப்பவனுக்கு ப்ராசஸரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. மாலையில் நான் கும்மிடிப்பூண்டி பஜாரில் நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். செமஸ்டர் ஃபீஸ் அதிலிருந்துதான். லேப்டாப் 2014-இல் வந்த மாடல், செகண்ட் ஹேண்ட். மாதக் கடைசியில் எல்லா பில்லையும் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

"மெல்ட்டவுன் பாதுகாப்பை ஆஃப் பண்ணுடா, கொஞ்சம் வேகம் கிடைக்கும்" என்றான் இன்ஜினியரிங் படிக்கும் நண்பன். அது என்ன என்று தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

என் அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கீப்பர். மெஷினில் நிற்பவர் நேராக உள்ளே போய் போல்ட் எடுக்க முடியாது. இன்டென்ட் சீட்டு எழுதி கவுன்டரில் நீட்ட வேண்டும். ப்ராசஸரும் அப்படித்தான். 1982-இல் வந்த இன்டெல் 80286-லேயே நாலு அதிகார நிலைகள் இருந்தன. விண்டோஸும் லினக்ஸும் அதில் இரண்டைத்தான் பயன்படுத்துகின்றன. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு ஒன்று, நம் மென்பொருட்களுக்கு ஒன்று. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி ப்ராசஸரிலும் இப்படி நிலைகள் உண்டு. வெறும் கூட்டல் கழித்தலுக்குக் கெர்னல் கதவைத் தட்ட வேண்டாம். ஃபைலைத் திறக்க, சேமிக்க, நெட்டில் அனுப்பத் தட்டியே ஆகவேண்டும். ஒவ்வொரு தட்டலுக்கும் கொஞ்சம் நேரம் போகும்.

முன்பு ஸ்டோர்ஸ் பதிவேடு மெஷின் பக்கத்திலேயே பூட்டிய அலமாரியில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டியிருந்தாலும் இடுக்கு வழியாகப் படித்துவிடலாம் என்று 2018 ஜனவரியில் தெரியவந்தது. அதுதான் மெல்ட்டவுன். உடனே பதிவேட்டைத் தனிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள், அதாவது கெர்னலின் நினைவக அட்டவணையைத் தனியே பிரித்தார்கள். அதனால் ஒவ்வொரு சீட்டுக்கும் நடை கூடியது. பின்னால் வந்த ப்ராசஸர்களில் இந்த ஓட்டையை வன்பொருளிலேயே அடைத்துவிட்டார்கள். என்னுடையது மாதிரிப் பழையவற்றில் வேகம் குறையும் என்று மைக்ரோசாஃப்டே அப்போது சொன்னது.

ஆஃப் செய்யலாமா? அப்பாவிடம் கதையாகச் சொல்லிக் கேட்டேன். "அவசரம்னு ஸ்டோர்ஸைத் திறந்து போட்டுட்டுப் போக முடியுமாடா? பத்து போல்ட் வேணும்னா பத்து தடவை வராதே, ஒரே சீட்டா எழுதுன்னு சொல்லுவேன்" என்றார்.

என் லேப்டாப்பில் இருப்பது நாலு கடைக்காரர்களின் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டுகள். என்னை நம்பிக் கொடுத்தவை. ஆஃப் செய்யவில்லை. நூறு சின்ன ஃபைல்களாகக் கிடந்த பில்களை மாதத்துக்கு ஒரே ஃபைலாகச் சேர்த்தேன். இப்போது பாதி டீயிலேயே திறந்துவிடுகிறது. மீதி டீயையும் நிதானமாகக் குடித்துவிட்டே உட்காருகிறேன்!