சொட்டுக் கணக்கு

சொட்டுகிற குழாய்க்கும் எழுதுகிறவனுக்கும் ஜன்மப் பகை. பகலெல்லாம் பரம சாதுவாக இருந்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் நான் பேனாவைத் திறந்த பிறகுதான் அது 'டொக், டொக்' என்று ஆரம்பிக்கும்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் முகம் கழுவும் தொட்டிக் குழாய் ஒரு வருஷமாக இப்படித்தான். ஒரு நாள் ராத்திரி அதன் கீழே ஒரு சொம்பை வைத்துவிட்டுப் படுத்தேன். விடிவதற்குள் நிரம்பி வழிந்திருந்தது. அம்மாதான் சரியாக மூடுவதில்லை என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன். அன்று முதல் படுக்கப் போகுமுன் பல்லைக் கடித்துக்கொண்டு குழாயை முறுக்கி மூடுவது என் நித்திய கடமையாயிற்று. வெளி உலகத்தில் காட்ட முடியாத வீரத்தையெல்லாம் அந்தப் பித்தளைத் தலையில் காட்டினேன்.

கடைசியில் பிளம்பரை அழைத்து வந்தேன். அவர் குழாயின் தலையைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு கறுப்பு வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"யார் சார் இதை இந்த முறுக்கு முறுக்கினது?"

நான் கூரையைப் பார்த்தேன்.

ரப்பர் வாஷர். திருகத் திருகத் தண்டு இறங்கி, இந்த வாஷரைக் குழாயின் வாயில் அழுத்தும், தண்ணீர் நிற்கும். 1845ல் இங்கிலாந்தில், ராதரம் என்ற ஊரில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு, இன்றைக்கும் அதேதான். அழுத்த அழுத்த ரப்பரில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் சொட்டும். சொட்டினால் இன்னும் முறுக்குவோம். முறுக்கினால் பித்தளை வாயிலேயே கீறல் விழும். அப்புறம் புது வாஷர் போட்டாலும் சொட்டத்தான் செய்யும். ஆக, சொட்டை வளர்த்தவன் நான்தான்.

"வாயைத் தேய்ச்சுச் சமன் பண்ணி, வாஷர் மாத்திடலாம். இல்லேன்னா குவார்ட்டர் டர்ன் குழாய் போடலாம். எது வேணும் சார்?"

இரண்டாவதில் ரப்பரை அழுத்தும் வேலை இல்லை. கண்ணாடிபோல் இழைத்த இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி உட்கார்ந்திருக்கும். கால் வட்டம் திருப்பினால் இரண்டின் துளைகளும் நேராகித் தண்ணீர் வரும். திருப்பிவிட்டால் துளை மறைந்துபோகும். ஆனால் எங்களுடையது போர் தண்ணீர். மணல் வந்தால் வில்லை கீறும். உப்புப் படிந்தால் கைப்பிடி இறுகும். கெட்டுப்போனால், அதே அளவில் உள்பாகம் முழுவதையும் வாங்கிப் போட வேண்டும். வாஷரோ சில ரூபாய். தெருமுனைக் கடையில் கிடைக்கும். இப்படியெல்லாம் லாப நஷ்டம் பார்த்து, "வாஷரே போடுங்கள்" என்றேன்.

நிலைப்படியில் நின்றிருந்த அம்மா மெதுவாகச் சொன்னாள்: "எதைப் போட்டாலும் விடியக்காலையில நான் திறக்கிற மாதிரி போடச் சொல்லுடா."

"ஏம்மா, இப்போ என்ன?"

"ராத்திரி நீ மூடினா காலையில எனக்குத் திறக்க வரல்லே. அதான் வாளியில பிடிச்சு வச்சுக்கறேன்."

அந்த வாளியை நான் தினமும் பார்த்திருக்கிறேன். வயதானவர்களின் வீண் பழக்கம் என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். வாதத்தில் முட்டி முட்டியாக வீங்கிய அந்த விரல்களை மட்டும் பார்க்கவில்லை. மனிதர்களின் மனத்தை எழுதிப் பிழைக்கிறவன் நான்! நான் எழுந்திருக்க இரண்டு மணி நேரம் இருக்கையில், மார்கழிக் குளிரிலும் அவள் வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருக்கிறாள். எழுப்பினால் என் தூக்கம் கெடுமாம்.

பிளம்பர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தொட்டிக்கு நீளக் கைப்பிடி வச்ச குவார்ட்டர் டர்னே போட்டுடறேன் சார். முன்னாடி ஒரு சல்லடை வச்சா மணல் நிக்கும். கொல்லைக் குழாய்க்கு வாஷர் போதும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். மாற்று உள்பாகம் ஒன்றை வாங்கி என் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியுமுன் பின்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் நின்றது. சொட்டுச் சத்தம் இல்லை. வாளி இப்போது கவிழ்ந்து கிடக்கிறது.

பழக்க தோஷத்தால் இரவில் என் கை இன்னமும் குழாயிடம் போகிறது. கால் வட்டத்தோடு கைப்பிடி நின்றுவிடுகிறது. அதற்கு மேல் என் வீரத்துக்கு அங்கே வேலை இல்லை.